சாத்தம் பாலத்திலிருந்து தொடங்குங்கள்

அந்தமானின் போர்ட் பிளேரில் (இன்றைய ஸ்ரீ விஜயபுரம்) இறங்கியதும் எல்லாரும் நேரே செல்லுலார் சிறைக்குத்தான் ஓடுகிறார்கள். டெலானிபூரில் அறை எடுத்துக்கொண்டு, நீங்கள் முதலில் எதிர்த்திசையில், சாத்தம் தீவுக்குப் போங்கள். ஆட்டோவில் சில நிமிடப் பயணம்தான். கடற்படையின் சமுத்ரிகா அருங்காட்சியகம் டெலானிபூரிலேயே இருக்கிறது. அதை மாலைக்கு வைத்துக்கொள்ளலாம்.

சிறிய பாலம் ஒன்றைத் தாண்டினால் சாத்தம். 1883-இல் தொடங்கிய மர அறுவை மில் இன்னும் ஓடுகிறது. படாக் மரத்தின் செந்தூள் செருப்பில் ஒட்டிக்கொண்டு வரும். 1942-இல் ஜப்பானியர் போட்ட குண்டு பறித்த பள்ளத்தையும் காட்டுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போய் ஏமாறாதீர்கள், மில்லுக்கு விடுமுறை.

பள்ளத்தைப் பார்த்துவிட்டுக் கரையோரம் கொஞ்சம் நில்லுங்கள். இந்த இடத்தின் கதை அமெரிக்காவில் தோற்ற ஒருவரிடமிருந்து தொடங்குகிறது. 1781 அக்டோபரில் அமெரிக்காவின் யார்க்டவுனில் வாஷிங்டனிடம் சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி காரன்வாலிஸ். உடம்பு சரியில்லை என்று சொல்லி, வாளை ஒப்படைக்கத் தன் உதவித் தளபதியை அனுப்பியவர். அந்தத் தோல்வியோடு பதின்மூன்று குடியேற்றங்களும் பிரிட்டன் கையை விட்டுப் போயின. ஆனால் அவர் மதிப்பு குறையவில்லை. 1786-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக வந்து சேர்ந்தார். சென்னை கோட்டை அருங்காட்சியகத்தில் பெரிய பளிங்குச் சிலையாக நிற்பவரும் இவர்தான்.

அவர் காலத்தில்தான் ஆர்ச்சிபால்ட் பிளேர் இந்தத் தீவுகளை அளந்து, 1789-இல் சாத்தத்தில் முதல் குடியிருப்பை அமைத்தார். அதே 1789-இல்தான் வாஷிங்டன் அமெரிக்காவின் முதல் ஜனாதிபதியாகப் பதவியேற்றார். அங்கே ஒரு நாடு பிறந்துகொண்டிருந்தபோது இங்கே கைதிகளைக் கொண்டுவந்து காடு வெட்ட வைத்தார்கள். குடியிருப்பு பிறகு வடக்கே மாறியது. நோயும் சாவும் துரத்த, 1796-இல் அதையும் கைவிட்டார்கள். 1857 கிளர்ச்சிக்குப் பிறகு, 1858-இல் மறுபடி வந்தார்கள். இம்முறை குடியிருப்பு நிலைத்தது.

இதைத் தெரிந்துகொண்டு சிறைக்குப் போனால் அதன் சுவர்கள் வேறு மாதிரித் தெரியும். 1896-இல் தொடங்கி 1906-இல் முடித்த கட்டடம். ஏழு சிறகுகளில் மூன்றுதான் மிச்சம். ஏதாவது ஓர் அறைக்குள் போய் நின்று, கம்பிக்கு வெளியே கையை நீட்டித் தாழ்ப்பாளைத் தொடப் பாருங்கள். எட்டாது. தாழ்ப்பாள் தள்ளி, சுவரில் குடைந்த குழிக்குள் இருக்கிறது. முற்றத்தில் இருக்கும் செக்கு, கோவைச் சிறையில் வ.உ.சி. இழுத்த செக்கை நினைவூட்டாமல் விடாது. 1933-இல் கைதிகள் நடத்திய உண்ணாவிரதத்தில் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நமதாஸ், மோஹித் மைத்ரா மூவரும் இங்கேதான் உயிர்விட்டார்கள்.

சிறையிலிருந்து இறங்கி மெரினா பார்க் பக்கம் நடந்தால் நேதாஜி ஸ்டேடியம், அன்றைய ஜிம்கானா மைதானம். 1943 டிசம்பர் 30 அன்று சுபாஷ் சந்திர போஸ் இங்கே மூவர்ணக் கொடி ஏற்றினார். தீவுகளுக்கு ஷஹீத், ஸ்வராஜ் என்று பெயர் வைத்தார். அடுத்த ஆண்டு நிர்வாகப் பொறுப்பேற்க வந்தவர் ஒரு தமிழர், இந்திய தேசிய ராணுவத்தின் (ஐ.என்.ஏ.) லோகநாதன், தொழிலால் மருத்துவர். ஆனால் போலீஸ் அதிகாரம் தீவுகளைப் பிடித்திருந்த ஜப்பானியர் கையிலேயே இருந்தது. அமெரிக்கர்கள்கூட 1776-இல் அறிவித்த சுதந்திரத்தை பிரிட்டன் ஒப்புக்கொள்ள 1783 வரை போராட வேண்டியிருந்தது. கொடி ஏறுவது வேறு, ஆட்சி கைக்கு வருவது வேறு. லோகநாதன் சில மாதங்களில் திரும்பிவிட்டார்.

மறுநாள் வண்டூர் கடற்கரைக்குப் போவீர்கள். வழியில் ஹம்ஃப்ரிகஞ்சில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். கொடி ஏறிய சரியாக ஒரு மாதத்தில், 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்று பழி சுமத்தி 44 பேரை ஜப்பானியர் அங்கே சுட்டுக் கொன்றார்கள். நினைவிடம் சாலையோரமே இருக்கிறது. பெரும்பாலான சுற்றுலா வண்டிகள் நிற்காமலே போய்விடுகின்றன.