கடலில்லாத மாவட்டத்திலிருந்து கடல் உயிரியல்

கேள்வி: தருமபுரி மாவட்டத்தில் கடலே இல்லை. இங்கிருந்து கடல் உயிரியல் படிக்கச் செல்பவருக்குக் களப்பயிற்சி எங்கே, எப்படி நடக்கும்?
– வாசகர், பாலக்கோடு

பதில்: தமிழகத்தில் இதற்குப் பெயர்பெற்ற இடம் பரங்கிப்பேட்டை. வெள்ளாறு கடலில் கலக்கும் அவ்வூரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. பேராசிரியர் ஆர்.வி. சேஷய்யா அதற்கு அடித்தளமிட்டவர். கழிமுகம், மணற்கரை, அலையாத்திக் காடு மூன்றும் அங்கே அருகருகே உள்ளன.

களப்பயிற்சியில் முதல் பாடம் நீர். வெப்பநிலை, உப்புத்தன்மை, கரைந்த ஆக்சிஜன் ஆகியவை அளக்கப்படும். ஒரு கிலோ கடல்நீரில் உப்பு சுமார் 35 கிராம். மழைக்காலத்தில் ஆற்றுவெள்ளம் சேரும்போது கழிமுகத்தில் இது வெகுவாகக் குறையும். அடுத்து, நுண்கண் வலையை நீரில் இழுத்து மிதவை உயிரிகளைச் சேகரித்து நுண்ணோக்கியில் இனம் பிரிப்பார்கள். கடல் வற்றும் நேரத்தில் கரைக்குக் குறுக்கே கயிறு கட்டி, சம இடைவெளியில் சதுரச் சட்டம் வைத்து, அதற்குள் அகப்படும் நண்டு, நத்தை, மட்டி, புழுக்களை எண்ணுவார்கள்.

அருகிலுள்ள பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் தாவர அடுக்குகளைக் காணலாம்: ஓடைக்கரையை ஒட்டிச் சுரபுன்னை, அதன் பின்னே வெண்கண்டல். இக்காடு 2022இல் ராம்சர் தலமாக (உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக) அறிவிக்கப்பட்டது. பவளப்பாறைகளைக் காண மன்னார் வளைகுடாவின் 21 தீவுப் பகுதிக்குச் செல்ல வேண்டும்.

கடல் இல்லாவிட்டாலும் உங்கள் மாவட்டத்துக்கும் அதனோடு தொடர்பு உண்டு: அங்குள்ள ஒகேனக்கல்லைத் தாண்டும் காவிரி நீரில் ஒரு பங்கு, கொள்ளிடம் வழியாகப் பிச்சாவரத்துக்கு அருகில்தான் கடலைச் சேர்கிறது. முதுநிலையில் சேர விரும்புவோர் விலங்கியல், தாவரவியல் போன்ற பட்டப்படிப்பை முடித்து, அந்தந்த ஆண்டின் சேர்க்கை அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பிப்பது நல்லது.