முடியைப் பார்க்காதே, பல்லவியைக் கேள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

சித்தப்பா எழுதுவது. ஃபோனிலேயே பேசியிருக்கலாம்தான். ஆனால் இந்த இசை விஷயத்தை நான் ஆரம்பித்தால் உன் சித்தி டிவி சத்தத்தைக் கூட்டிவிடுகிறாள். எழுதினால் யாரும் குறுக்கே வரமாட்டார்கள்.

'பீஸ்மேக்கர்' தொடரின் டைட்டில் நடனத்தைப் பார்த்து விக் வாம் பாட்டில் விழுந்ததாகவும், அங்கிருந்து ஒன்றைத் தொட்டு ஒன்றாக மாட்லி க்ரூ, பாய்சன், ராட் என்று போய்க்கொண்டிருப்பதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். ஹாஸ்டலில் எல்லோரும் கேலி செய்கிறார்கள், நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டேதான் கேட்கிறேன் என்றும் எழுதியிருந்தாய். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு பாட்டு பிடித்துப்போனால் பக்கத்தில் இருப்பவர்களுக்காகச் சிரிக்காதே. ஏன் பிடிக்கிறது என்று சொல்லக் கற்றுக்கொள். நீ கேட்கும் இந்தக் குழுக்களின் கிளாம் மெட்டல் விஷயத்தில் அது சாத்தியம், ஏனென்றால் அதில் சொல்ல நிறைய இருக்கிறது.

வேஷத்தைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த லிப்ஸ்டிக்கும் ஸ்பாண்டெக்ஸும் ஏற்றிச் சீவி ஸ்ப்ரே அடித்த முடியும் பிழைப்புக்கான ஏற்பாடு. 1980களின் லாஸ் ஏஞ்சலீசில் சன்செட் ஸ்ட்ரிப் என்ற ஒரே சாலையில் விஸ்கி எ கோ கோ, ராக்ஸி, கஸாரிஸ் என்று கிளப்கள் அடுத்தடுத்து இருந்தன. ஒவ்வொரு குழுவும் ராத்திரியில் கம்பத்துக்குக் கம்பம் நோட்டீஸ் ஒட்டும். அடுத்த குழு வந்து அதன் மேலேயே தன் நோட்டீஸை ஒட்டிவிட்டுப் போகும். போகப்போக, வாசிப்பதற்குச் சம்பளம் தருவதையே பல கிளப்கள் விட்டுவிட்டன. குழுவே முன்பணம் கட்டி டிக்கெட்டுகளை வாங்கி, தெருவில் நின்று விற்றுக்கொள்ள வேண்டும். பாய்சன் குழுவினர் பென்சில்வேனியாவின் ஒரு சிற்றூரிலிருந்து கிளம்பி வந்து இந்தக் கூட்டத்தில் நின்றவர்கள். ஆயிரம் முகங்களுக்கு நடுவே தங்கள் முகம் நினைவில் நிற்க வேண்டுமென்று பூசிக்கொண்டார்கள். 1981இல் எம்டிவியும் தொடங்கிவிட்டது. முகத்துக்கு இருந்த விலை பத்து மடங்காகிவிட்டது. வேஷமே புதிதில்லை, அதையும் தெரிந்துகொள். நியூயார்க் டால்ஸும் இங்கிலாந்தின் ஸ்வீட், ஸ்லேட் குழுக்களும் 1970களிலேயே அதைக் கட்டி ஆடிவிட்டார்கள். 1983 நவம்பரில் பில்போர்ட் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்த முதல் ஹெவி மெட்டல் ஆல்பம் குவயட் ரயட்டின் 'மெட்டல் ஹெல்த்'. அதைத் தூக்கி நிறுத்திய பாட்டே ஸ்லேடிடமிருந்து எடுத்துப் பாடியதுதான்.

சரி, திரையை அணைத்துவிட்டு ராட்டின் 'ரவுண்ட் அண்ட் ரவுண்ட்' பாட்டைப் போடு. சோலோவில் வாரன் டிமார்டினி தனியாகக் கிளம்புவார். பின்பாதியில் ராபின் க்ராஸ்பியின் கிதாரும் சேர்ந்து, இரண்டும் இணைசுரமாகப் போகும். வேகத்தைக் காட்ட வாசித்த சோலோவாக அது இருக்காது. அதையே வாயால் பாடிவிடலாம். அடுத்து பான் ஜோவியின் 'லிவின் ஆன் எ ப்ரேயர்'. நூறு தடவை கேட்டிருப்பாய். கடைசிப் பல்லவி மூன்று அரைச்சுரம் மேலே ஏறுகிறது இல்லையா, அந்த இடத்தில் தாளத்தை எண்ணிப் பார். நான்கு அடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருக்கும். ஒரு அடியை விழுங்கிவிட்டுப் பாட்டு மேலே தாவுகிறது. கூட்டம் அதைக் கவனிப்பதில்லை, கையை மட்டும் தூக்குகிறது. இப்படி ஒரு அடியைக் களவாட டெஸ்மண்ட் சைல்ட் மாதிரி பாட்டுக் கட்டத் தெரிந்த ஆள் கூட உட்கார வேண்டியிருந்தது. சிரிப்பவர்களிடம் நீ இதைச் சொல்லலாம்.

டெஃப் லெப்பர்டின் 'ஹிஸ்டீரியா'வுக்கு ஒரு முழு மாலை ஒதுக்கு. தங்களை இந்த வகையில் சேர்த்தாலே அவர்களுக்குப் பிடிக்காது. ஷெஃபீல்ட் நகரத்து ஆட்கள், சன்செட் ஸ்ட்ரிப்போடு ஒட்டும் உறவும் கிடையாது. இருந்தாலும் அந்தக் காலத்து ஒலியைக் கட்டி முடித்தவர்கள் அவர்களும் தயாரிப்பாளர் மட் லேங்கும்தான். 1984ஆம் ஆண்டின் கடைசி நாளில் டிரம்மர் ரிக் ஆலனின் கார் கவிழ்ந்து இடக்கை போயிற்று. வயது 21. குழு வேறு ஆளைத் தேடவில்லை. இடக்கை அடிக்க வேண்டியதையெல்லாம் இடக்கால் அடிக்கும்படி பெடல்கள் வைத்த மின்னணு டிரம் செட் ஒன்றைச் செய்வித்து, முதலிலிருந்து பழகினார். 1986 ஆகஸ்டில் டோனிங்டன் மைதானத்தில் பெருங்கூட்டத்தின் முன் உட்கார்ந்து வாசித்தார். ஆல்பம் 1987இல் வந்தது. அதில் பின்னணிக் குரல்கள் அடுக்கடுக்காக வருகிறதே, அவை குழுவினரே திரும்பத் திரும்பப் பாடி ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிந்தவை. கிதாரும் துண்டு துண்டாகத்தான் பதிவானது. இது செயற்கை என்று அப்போதே குறை சொன்னவர்கள் உண்டு. செயற்கைதான். உழைப்பில்லாமல் இவ்வளவு செயற்கையாக ஒன்றைச் செய்ய முடியாது என்பது என் கட்சி.

கேலியில் மிக அதிகமாக அடிபட்டவர் விங்கர் குழுவின் கிப் விங்கர். 'பீவிஸ் அண்ட் பட்ஹெட்' கார்ட்டூனில் எல்லோரும் மட்டம் தட்டும் அந்த அப்பாவிப் பையனுக்கு விங்கர் டி-ஷர்ட் மாட்டிவிட்டார்கள். மெட்டாலிகா வீடியோ ஒன்றில் லார்ஸ் உல்ரிச் அவர் படத்தின் மேல் டார்ட் எறிவார். குழுவின் பிழைப்பே அதோடு போயிற்று. ஆனால் அந்தக் குழுவில் இருந்தது யார்? டிரம்ஸில் டிக்ஸி ட்ரெக்ஸிலிருந்து வந்த ராட் மார்கன்ஸ்டைன், பிற்பாடு பெர்க்லீ இசைக் கல்லூரியில் பாடம் எடுத்தவர். கிதாரில் ரெப் பீச். கிப் விங்கர் பிறகு ஆர்கெஸ்ட்ரா இசை எழுதினார். சான் ஃபிரான்சிஸ்கோ பாலே அதற்கு ஆடியது. 'கான்வர்சேஷன்ஸ் வித் நிஜின்ஸ்கி' என்ற அவருடைய படைப்பு செவ்வியல் பிரிவில் கிராமி பரிந்துரை வரை போனது. டார்ட் எறிந்தவர்கள் இதற்கு என்ன பதில் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு சின்ன ஆசை உண்டு, கேட்க.

நிர்வாணா வந்து ஒரே ராத்திரியில் இவர்களை ஒழித்துவிட்டது என்று உனக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள். அந்தக் குழுவின் 'நெவர்மைண்ட்' ஆல்பம் 1991 செப்டம்பரில் வந்தது. அதே ஆண்டு ஜூனில்தான் ஸ்கிட் ரோவின் 'ஸ்லேவ் டு தி கிரைண்ட்' பட்டியலில் நுழைந்த வாரமே முதலிடத்தில் உட்கார்ந்தது. மெட்டாலிகா தன் கறுப்பு ஆல்பத்துக்கு பாப் ராக் என்பவரைத் தயாரிப்பாளராகப் பிடித்ததே, மாட்லி க்ரூவின் 'டாக்டர் ஃபீல்குட்' ஒலியைக் கேட்டு மயங்கித்தான். பான்டெராவின் ஆரம்ப ஆல்பங்களைத் தேடிப் பார், அவர்களும் முடியை ஏற்றிச் சீவியவர்கள்தான். இந்த இசை செத்ததற்கு முக்கியக் காரணம் ரெக்கார்டு கம்பெனிகளின் பேராசை. ஒரு குழு ஓடினால் அதே அச்சில் இருபது குழுக்களை எடுத்துப் போட்டார்கள். வேகமாக ஒரு பாட்டு, அடுத்து லைட்டர் தூக்க ஒரு பவர் பாலட் என்று சூத்திரம் எழுதிவிட்டார்கள். வாரன்ட் குழுவின் கதை போதும். அதன் பாடகர் ஜேனி லேன் எழுதி முடித்த ஆல்பத்துக்கு 'அங்கிள் டாம்ஸ் கேபின்' என்றுதான் பெயர் வைப்பதாக இருந்தது. அந்தப் பெயரில் அதில் இருந்தது, ஒரு கொலையை மறைந்திருந்து பார்த்தவன் சொல்லும் பாட்டு. கம்பெனித் தலைமை 'துள்ளலாக ஒன்று வேண்டும்' என்று கேட்க, அவசரமாக ஒரு பாட்டை எழுதிக் கொடுத்தார். ஆல்பத்தின் பெயரே அந்தப் பாட்டின் பெயரான 'செர்ரி பை' ஆகிவிட்டது. அதை எழுதியதற்கு அவர் பிற்பாடு வெளிப்படையாகவே வருந்தினார். 2011இல் 47 வயதில் இறந்தபோதும் செய்தியில் அந்தப் பாட்டைத்தான் முதலில் சொன்னார்கள். ஸ்டார் டிவி வழியாக எம்டிவி நம் வீடுகளுக்கு வந்த நேரத்தில் அங்கே இந்தக் குழுக்கள் கடையைக் கட்டிக்கொண்டிருந்தன என்பது நம் அதிர்ஷ்டம்.

இனி ஒரு கண்டிப்பு. பெண்களை இந்தப் பாட்டுகளும் வீடியோக்களும் நடத்திய விதத்துக்கு 'அந்தக் காலம் அப்படி' என்று சப்பைக்கட்டு கட்டாதே. அதே காலத்தில் விக்ஸன் என்ற முழுப் பெண்கள் குழு அதே மேடைகளில் ஏறியது. அதன் கிதாரிஸ்ட் ஜேன் கூனமண்டின் வாசிப்பில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அப்படியும் அவர்களைப் புதுமைப் பொருளாகத்தான் விற்றார்கள். மாட்லி க்ரூவின் குடிக்கதைகளைப் புத்தகமாகவும் படமாகவும் ரசித்துச் சொல்கிறார்கள்; ரசிக்கும்போது ராஸிலையும் நினைத்துக்கொள். ஹனாய் ராக்ஸ் குழுவின் டிரம்மர். 1984 டிசம்பரில் மாட்லி க்ரூ பாடகர் வின்ஸ் நீல் குடித்துவிட்டு ஓட்டிய காரில் கூட உட்கார்ந்திருந்தவர், அந்த விபத்தில் இறந்தார். வின்ஸ் நீலுக்குக் கிடைத்தது 30 நாள் சிறை. அதையும் முழுதாக இருக்கவில்லை. மாட்லி க்ரூவின் முதல் இரண்டு ஆல்பங்களும் எனக்கு இன்றும் பிடிக்கும். பிடிக்கும் என்பதற்காக இதை மறைக்க மாட்டேன். இனிமேல் சுற்றுப்பயணமே கிடையாது என்று 2014இல் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு டிக்கெட் விற்றுவிட்டு, 2019இல் அதே ஒப்பந்தத்தை வெடிவைத்துத் தகர்க்கும் வீடியோவோடு திரும்பி வந்தவர்கள். அந்தக் கூட்டத்தில் வாக்கு சுத்தம் எதிர்பார்க்காதே.

இன்றைய குழுக்கள் தேறுமா என்று கேட்டிருந்தாய். சுவீடனுக்குப் போ. உப்லாண்ட்ஸ் வேஸ்பி என்ற ஊரிலிருந்துதான் 'தி ஃபைனல் கவுன்ட்டவுன்' பாடிய யூரோப் வந்தது. இருபது முப்பது ஆண்டு கழித்து ஹீட் குழுவும் அதே ஊரிலிருந்து வருகிறது. மால்மோவின் க்ரேஸி லிக்ஸும் பரவாயில்லை. க்ராஷ்டயட்டின் முதல் ஆல்பம் 2005இல் வந்தது, நல்ல ஆல்பம். அதைப் பாடிய டேவ் லெப்பர்ட் அடுத்த ஆண்டே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். உன் விக் வாம் நார்வே. 2005 யூரோவிஷனில் ஒன்பதாவது இடத்தில் வந்து, பிறகு கலைந்து, மறுபடி கூடியவர்கள். 2010இல் போட்ட பாட்டை 2022இல் ஒரு சூப்பர்ஹீரோ தொடர் உலகுக்கே கொண்டுபோகும் என்று அவர்களே எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். ஸ்டீல் பாந்தர் வேண்டாம் என்பேன். வாசிப்பு முதல் தரம், ஆனால் நகைச்சுவை ஒரு தடவைக்குத்தான் தாங்கும், அதுவும் பெண்களை வைத்துத்தான். சிரிப்பும் வேண்டும் பாட்டும் வேண்டும் என்றால் தி டார்க்னஸின் 'பெர்மிஷன் டு லாண்ட்'. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இன்று பெரிய பணமோ எம்டிவியோ கிடையாது. விருப்பம் இல்லாதவன் இந்த இசைக்குள் வர ஒரு காரணமும் இல்லை.

பழையவர்களில் இன்னும் வளர்ந்துகொண்டிருப்பவர் எக்ஸ்ட்ரீம் குழுவின் கிதாரிஸ்ட் நுனோ பெட்டென்கோர்ட். எக்ஸ்ட்ரீமின் 'போர்னோகிராஃபிட்டி' 1990. 2023இல் வந்த 'ரைஸ்' பாட்டின் சோலோ அதற்குக் கொஞ்சமும் இளைத்ததில்லை. சிண்டரெல்லாவின் டாம் கீஃபருக்குக் குரல்நாண் ஒன்று பாதி செயலிழந்துபோய், இனிப் பாடவே முடியாமல் போகலாம் என்றார்கள் மருத்துவர்கள். அறுவை சிகிச்சைகள், வருடக்கணக்கில் குரல் பயிற்சி என்று போராடி, 2013இல் தன் பெயரில் ஆல்பம் போட்டார். ஃபேஷன் போன பிறகு ஒருவன் என்ன செய்தான் என்று பார்த்தாலே யார் இசைக்கலைஞன் என்று உனக்குத் தெரிந்துவிடும்.

கிதார் வாங்கப்போவதாகச் சொன்னாய். முதல் கிதாரில் ஃப்ளாய்ட் ரோஸ் வேண்டாம். அந்த லாக்கிங் ட்ரெமலோ பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். ஆனால் கம்பிகளின் இழுவையும் பின்னால் இருக்கும் ஸ்பிரிங்கின் இழுவையும் சமன்பட்டு நிற்கும் அமைப்பு அது. ஒரு கம்பி அறுந்தால் மற்ற ஐந்தும் சுருதி விலகும். ஆலன் கீயைத் தேடிக்கொண்டு ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருப்பாய். சாதாரண பிரிட்ஜ் உள்ளதை வாங்கு. ஆறு மாதம் ரிதம் மட்டும் வாசி. டேப்பிங், சோலோ எல்லாம் தானாக வரும். வலதுகைத் தாளம் தானாக வராது. அப்பாவிடம் ஆம்ப் வாங்கச் சொல்லிவிட்டேன், சின்னதாக.

ஆரம்பிப்பதென்றால் சிண்டரெல்லாவின் 'லாங் கோல்ட் வின்ட்டர்' ஆல்பத்தில் ஆரம்பி. 1988. ப்ளூஸ் தெரிந்த குழு; பூச்சு இல்லாமலே நிற்கும் பாட்டுகள். பொங்கலுக்கு வரும்போது அதில் உனக்குப் பிடிக்காத பாட்டு எது என்று கேட்பேன், காரணத்தோடு சொல்ல வேண்டும்.

அன்புடன்,
சித்தப்பா