பொத்தான் அளவு ஒலிவாங்கியும் பெரிய கச்சேரியும்

அரங்கில் ஒரு முறை பாடிய பாட்டு, முடிந்ததும் காற்றோடு கலந்துவிடுகிறது. அதே பாடகர் அதே ராகத்தை மறுநாள் பாடினாலும் அது வேறு பாட்டுதான். ஆகவே அதைப் பிடித்து வைக்க இசைப் பிரியர்கள் ஆசைப்படுவது இயல்பே. சட்டைப் பொத்தான் அளவே உள்ள ஓர் ஒலிவாங்கி இவ்வாசையை எப்படி நிறைவேற்றுகிறது என்று காண்போம்.

1962-ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் இரு அறிஞர்கள் 'எலெக்ட்ரெட்' ஒலிவாங்கியை உருவாக்கினார்கள். நாம் இயற்பியலில் படிக்கும் மின்தேக்கிதான் இதன் அடிப்படை. உலோகத் தகடு ஒன்றின் எதிரே மிக மெல்லிய பிளாஸ்டிக் படலம் விறைப்பாக நிற்கிறது. ஒலியலை மோதினால் படலம் அதிர்கிறது. இடைவெளி கூடிக் குறைகிறது. அதற்கேற்ப மின்னழுத்தமும் மாறுகிறது. முன்பெல்லாம் இதற்கு வெளியிலிருந்து உயர்ந்த மின்னழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தது. இவ்விருவரோ, காந்தத்தில் காந்தத் தன்மை தங்குவதுபோல, படலத்திலேயே மின்னூட்டத்தைத் தங்கவைத்துவிட்டார்கள். உள்ளே இருக்கும் சிறு டிரான்சிஸ்டருக்கு ஒரு சின்ன பாட்டரி போதும். (இன்றைய கைப்பேசியில் இருப்பது இதனினும் சிறிய சிலிக்கன் வகை.)

கருவி சிறியது, ஆனால் அதற்கு மூளை இல்லை! நம் இரு செவிகளும் மூளையும் சேர்ந்து பாட்டை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்கின்றன. ஒலிவாங்கியோ மின்விசிறி, இருமல், பின்வரிசைப் பேச்சு எல்லாவற்றையும் பாரபட்சமின்றி வாங்கிக்கொள்ளும். தொலைவு இரு மடங்கானால் பாடகரிடமிருந்து நேரே வரும் ஒலியழுத்தம் ஏறக்குறையப் பாதியாகிறது. சுவரில் மோதித் திரும்பும் ஒலியோ மண்டபமெங்கும் ஏறத்தாழ ஒரே அளவு. அதனால்தான் கடைசி வரிசையில் பதிந்த பாட்டு கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. விலை உயர்ந்த கருவியைவிட நல்ல இடமே மேல் என்பது எங்கள் எண்ணம்.

இதை நன்கு அறிந்தவர்கள் அமெரிக்காவின் 'கிரேட்ஃபுல் டெட்' இசைக்குழுவின் ரசிகர்கள். கூட்டத்தின் பேச்சு விழாதிருக்க, தலைகளுக்கு மேலே உயரமான கம்பங்களில் ஒலிவாங்கிகளை நிறுத்தினார்கள். ஒலியைச் சீர்செய்பவருக்கு மேடையை அக்கம்பங்கள் மறைத்தன. வேறு குழுவாக இருந்தால் விரட்டியிருப்பார்கள். இவர்களோ 1984-இல் பதிவாளர்களுக்கென்றே சீர்செய்பவருக்குப் பின்னால் தனி இடம் ஒதுக்கினார்கள். ஒரே நிபந்தனை: நாடாக்களை நண்பர்களுக்குள் மாற்றிக்கொள்ளலாம், விற்கக் கூடாது.

எல்லாக் கலைஞரும் அப்படி இசைவதில்லை. குரல் அவர்களுடையது; உழைப்பும் அவர்களுடையது. ஒளித்து வைக்கும் அளவுக்குக் கருவி சிறிது என்பதற்காக ஒளித்து வைப்பது முறையாகாது. முன்கூட்டியே கேட்டால் பலர் மகிழ்ந்து சம்மதிப்பார்கள். முன்வரிசையில் இடமும் கிடைக்கலாம்.

அனுமதி கிடைத்தபின், பதிவின் அளவை மெல்லிய ஆலாபனைக்கு ஏற்ப வைத்துவிடாதீர்கள். தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கம் உச்சத்திற்குப் போகும்போது ஒலி சிதறிவிடும். சிதறிய ஒலியைப் பிறகு முழுமையாக மீட்க இயலாது. உச்சத்திற்குக் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். மெல்லிய பகுதியைப் பிறகு உயர்த்திக் கேட்கலாம்.