பாடம் 9: நாமா, நாங்களா?

படிக்கும் முன் பேசுங்கள்

1. உங்கள் வீட்டில் "நாம போவோம்" என்று எப்போது சொல்வார்கள்? "நாங்க போறோம்" என்று எப்போது சொல்வார்கள்?
2. உதவி செய்யப் போகிறவர்கள் அங்கே எத்தனை நாள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்?

வாசிப்போம்

விடுமுறை வந்தால் சில கத்தோலிக்கப் பங்குகளில் இளைஞர்கள் குழுவாகத் தொண்டு செய்யப் புறப்படுவார்கள். தூரத்தில் இருக்கும் ஒரு தீவுக்குப் போவார்கள். பள்ளிச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், பிள்ளைகளோடு விளையாடுவார்கள், பத்து நாளில் திரும்பி வருவார்கள். கோயில், பள்ளி, சாரணர் இயக்கம் வழியாகவும் இப்படிப் போவதுண்டு. நீங்களும் ஒருநாள் போகலாம். நல்ல விஷயம்தான்.

ஆனால் பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே இருக்கும் மக்களைப் பற்றிப் பேசும்போது எந்தச் சொல் உங்கள் வாயில் வரும்? "அவர்கள்" என்றா, "நாம்" என்றா? ஒரே ஒரு சொல்தானே, அதில் என்ன இருக்கிறது என்று கேட்கிறீர்களா? சரி, 150 ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு கதைக்குப் போவோம் வாங்க.

கடலும் மலையும் காவல் காத்த ஊர்

உலக வரைபடத்தை எடுங்கள். பசிபிக் பெருங்கடலின் நடுவில் ஹவாய்த் தீவுகளைக் கண்டுபிடியுங்கள். இன்று அவை அமெரிக்காவின் ஒரு மாநிலம். அன்று அது சொந்த அரசர் ஆண்ட தனி நாடு.

அந்தத் தீவுகளில் ஒன்று மொலோக்காய். அதன் வடக்குக் கரையில் நாக்கை நீட்டியது போல ஒரு சமதரை இருக்கிறது. அதன் பெயர் கலாவுபாப்பா. மூன்று பக்கம் கடல். நான்காவது பக்கம் செங்குத்தான மலை. மலைப்பாதையில் ஏற வேண்டுமானால் சுமார் 500 மீட்டர் ஏற வேண்டும். ஐஃபெல் கோபுரத்தை விட அது உயரம்! உள்ளே போனவர் எளிதில் வெளியே வர முடியாது.

அந்தக் காலத்தில் ஹவாயில் தொழுநோய் பரவியது. அதற்கு மருந்து இல்லை. நோய் முற்றினால் கை கால்களில் உணர்ச்சி போய்விடும், புண்கள் வரும், முகமும் விரல்களும் உருமாறும். மக்கள் பயந்தார்கள். 1865 இல் அரசு ஒரு சட்டம் போட்டது. நோய் வந்தவர்களைப் பிடித்துத் தனியாக வைக்க வேண்டும் என்பது அந்தச் சட்டம். 1866 ஜனவரி 6 அன்று முதல் 12 பேரைக் கப்பலில் கொண்டுவந்து இங்கே இறக்கினார்கள். அதன் பிறகு நூறு ஆண்டுகளுக்கும் மேலாக, ஏறக்குறைய 8,000 பேர் இங்கே அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலானோர் ஹவாயின் பூர்வகுடி மக்கள். அவர்களில் உங்கள் வயதுப் பிள்ளைகளும் இருந்தார்கள். அப்பா அம்மாவை விட்டுத் தனியாக வந்த பிள்ளைகள்!

முதலில் போன தொண்டர்கள்

இந்த ஊருக்குத் தொண்டு செய்ய முதலில் போனவர்கள் வெளிநாட்டுக்காரர்கள் இல்லை. நோயாளிகளின் சொந்தக்காரர்கள்தான். கணவனை அனுப்பினால் மனைவி "நானும் வர்றேன்" என்று கூடவே கப்பல் ஏறினாள். பிள்ளையோடு தாய் போனாள். அவர்களுக்கு நோய் இல்லை. இருந்தும் போனார்கள். ஹவாய் மொழியில் அவர்களைக் "கோக்குவா" என்று அழைத்தார்கள். உதவி, உதவி செய்பவர் என்று பொருள்.

நோயாளிகளும் சும்மா இருக்கவில்லை. வெளியிலிருந்து பாதிரியார் வந்து தங்கும் வரை காத்திருக்காமல், தங்களுக்குள் ஒரு கிறிஸ்தவச் சபையை அமைத்தார்கள், தேவாலயமும் எழுப்பினார்கள். இதை மறந்துவிடாதீர்கள். உதவி கேட்கும் ஊரில் ஏற்கெனவே உதவி செய்துகொண்டிருக்கிறவர்கள் எப்போதும் இருப்பார்கள்.

தமியான் வருகிறார்

பெல்ஜியம் நாட்டில் 1840 இல் பிறந்தவர் தமியான். ஹவாய்க்கு வர வேண்டியவர் உண்மையில் அவருடைய அண்ணன். அண்ணனும் துறவிதான். அவருக்குக் காய்ச்சல் வந்ததால் தம்பி புறப்பட்டார். 1864 இல் ஹவாயில் இறங்கி, அங்கேயே குருவானவராகி, ஒன்பது ஆண்டுகள் வேறு ஊர்களில் வேலை செய்தார். ஹவாய் மொழியை நன்றாகப் பேசப் பழகினார்.

கலாவுபாப்பாவில் இருந்த கத்தோலிக்கர்கள் தங்களுக்கு ஒரு குருவானவர் வேண்டும் என்று கேட்டார்கள். ஒருவரையே நிரந்தரமாக அனுப்ப ஆயருக்கு மனம் வரவில்லை. நான்கு குருவானவர்கள் தாமாக முன்வந்தார்கள். ஒருவர் மாற்றி ஒருவர் போய் வரலாம் என்பது திட்டம். முதல் முறை தமியானுக்கு. 1873 மே 10 அன்று அவர் அங்கே இறங்கினார். வயது 33.

தங்குவதற்கு அவருக்கு வீடு இல்லை. முதல் சில இரவுகள் ஒரு தாழை மரத்தடியில் படுத்தார். அங்கே வேலை நிறைய இருந்தது. புண்களைக் கழுவிக் கட்டுப்போட ஆள் வேண்டும். இறந்தவர்களை மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும். தமியான் சுத்தியலை எடுத்தார். வீடு கட்டினார், சவப்பெட்டி செய்தார், தேவாலயத்தைப் பெரிதாக்கினார். தண்ணீருக்காக மக்கள் தூரம் நடக்க வேண்டியிருந்தது. அரசிடம் குழாய் கேட்டு வாங்கினார். நடக்க முடிந்த நோயாளிகளும் சேர்ந்து குழாய் பதித்தார்கள். பாடகர் குழுவும் வாத்தியக் குழுவும் உருவாயின.

சேப்பங்கிழங்கை உங்களுக்குத் தெரியும். அந்தக் கிழங்கை அவித்து இடித்துக் கூழாக்கினால் அதுதான் "போய்", ஹவாய் மக்களின் உணவு. எல்லாரும் ஒரே பாத்திரத்தில் கைவிட்டுச் சாப்பிடுவது அங்கே வழக்கம். தமியானும் அவர்களோடு உட்கார்ந்து அதே பாத்திரத்தில் சாப்பிட்டார்.

மாற்றி மாற்றிப் போகும் திட்டம் என்ன ஆயிற்று? தமியான் "நானே இங்கே இருக்கிறேன்" என்று கேட்டுக்கொண்டார். அங்கேயே இருந்துவிட்டார்.

அவர் ஒன்றும் தப்பே செய்யாதவர் இல்லை. பிடிவாதக்காரர், சட்டென்று கோபப்படுவார். மரம் அனுப்பு, மருந்து அனுப்பு என்று அதிகாரிகளை நச்சரித்துக்கொண்டே இருந்தார். அதனால்தான் பல பொருள்கள் வந்து சேர்ந்தன என்றும் சொல்லலாம்.

ஒரு சொல்லின் கனம்

வந்த அந்த ஆண்டே தமியான் ஐரோப்பாவில் இருந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் எழுதினார். மறையுரை சொல்லும்போது தான் "சகோதரர்களே" என்று தொடங்குவதில்லை, "தொழுநோயாளிகளாகிய நாம்" என்றே பேசுகிறேன் என்று அதில் தெரிவித்தார். அப்போது அவருக்கு நோய் இல்லை!

இங்கேதான் நம் தமிழ் வருகிறது. இங்கிலீஷில் "வீ" என்று ஒரே சொல். "வீ ஆர் கோயிங்" என்று உங்கள் நண்பர் சொன்னால், உங்களையும் சேர்த்தா, சேர்க்காமலா? தெரியாது. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை.

நாம் = நான் + நீ + மற்றவர்கள் (கேட்பவரும் உள்ளே)
நாங்கள் = நான் + என்னோடு இருப்பவர்கள் (கேட்பவர் வெளியே)

ஹவாய் மொழியிலும் இப்படித்தான்! "காக்கோ" என்றால் நாம். "மாக்கோ" என்றால் நாங்கள். இரண்டே பேர் என்றால் அதற்கு வேறு சொற்களும் உண்டு. அதை இப்போது விடுவோம். ஆகவே ஹவாய் மொழியில் பேசுகிறவர் நம்மைப் போலவே ஒவ்வொரு முறையும் தேர்ந்தெடுக்க வேண்டும். கேட்பவரை உள்ளே சேர்ப்பதா, வெளியே நிறுத்துவதா? தமியான் அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொண்டார். உலகமே "அவர்கள்" என்று ஒதுக்கியவர்களைப் பார்த்து "நாம்" என்றார்.

1884 டிசம்பரில் ஒருநாள் அவர் காலைக் கொதிக்கும் நீரில் வைத்தார். கால் வெந்தது, ஆனால் வலி தெரியவில்லை. நோய் வந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. 1889 ஏப்ரல் 15 அன்று, 49 வயதில் இறந்தார். 2009 இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது.

அப்படியானால் "நாம்" என்று சொல்ல நாமும் நோய் வாங்கிக்கொள்ள வேண்டுமா? இல்லை! அதற்கு இன்னொருவரைப் பார்ப்போம்.

மரியான் கோப்பும் ஜோசப் டட்டனும்

நோயாளிகளைக் கவனிக்க ஆள் வேண்டும் என்று ஹவாய் அரசு பல துறவு இல்லங்களுக்கு எழுதியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட இல்லங்கள் "முடியாது" என்றன. அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் இருந்த அன்னை மரியான் கோப் "வருகிறோம்" என்றார். 1883 இல் ஆறு சகோதரிகளோடு ஹவாய் வந்தார். 1888 இல் கலாவுபாப்பாவுக்கு வந்து, அங்கிருந்த பெண்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டார். மருத்துவமனை நடத்திய அனுபவம் அவருக்கு இருந்தது. கைகளை நன்றாகக் கழுவ வேண்டும் என்பதில் கண்டிப்பாக இருந்தார். 1918 இல் இறக்கும் வரை, 30 ஆண்டுகள் அங்கே இருந்தார். அவருக்கு நோய் வரவே இல்லை. அன்பாகவும் இருக்கலாம், கவனமாகவும் இருக்கலாம் என்று காட்டியவர் அவர். 2012 இல் அவரும் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

ஜோசப் டட்டன் குருவானவர் இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் பணியாற்றியவர். 1886 இல் யாரும் கூப்பிடாமல் தானாகக் கப்பலேறி வந்து, "வேலை கொடுங்கள், சம்பளம் வேண்டாம்" என்று நின்றார். ஆண்பிள்ளைகளின் இல்லத்தை நடத்தினார். ஏறக்குறைய 44 ஆண்டுகள் அங்கேயே இருந்தார். 1908 இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் வரிசையாக அந்தக் கரையோரம் வந்து அவருக்கு மரியாதை செலுத்திவிட்டுப் போயின.

இன்று

தமியான் கலாவுபாப்பாவில் இறங்கிய அதே 1873 இல், நார்வே நாட்டு மருத்துவர் ஹேன்சன் இந்த நோயைத் தரும் கிருமியைக் கண்டுபிடித்தார். 1940களில் நல்ல மருந்து வந்தது. 1969 இல் ஹவாயில் தனிமைச் சட்டம் நீங்கியது. போகலாம் என்று கதவு திறந்தபோதும் பலர் போகவில்லை. அதுவே அவர்கள் ஊராகிவிட்டது.

இன்று தொழுநோய் மாத்திரைகளால் முழுதாகக் குணமாகும். பெரும்பாலானோர் உடலுக்கு இயற்கையாகவே இதை எதிர்க்கும் சக்தி உண்டு. ஆனால் பழைய பயம் இன்னும் போகவில்லை. ஒருவரை நோயின் பெயரால் கூப்பிடாதீர்கள். "தொழுநோய் வந்தவர்" என்று சொல்லலாம். அவர் முதலில் ஒரு மனிதர், நோய் பிறகுதான்.

நீங்கள் போகும்போது

எல்லாரும் 44 ஆண்டுகள் போய் இருக்க முடியாது. பள்ளி இருக்கிறது, வேலை இருக்கிறது. பத்து நாள் மட்டுமே போக முடியும் என்றாலும் மூன்று கேள்விகளை எடுத்துக்கொண்டு போங்கள்.

1. இந்த வேலையை அந்த ஊர் மக்கள் கேட்டார்களா? நான் மென்பொருள் எழுதுகிறவன். பயன்படுத்தப் போகிறவரிடம் கேட்காமல் எழுதினால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். தொண்டும் அப்படித்தான்.
2. அங்கே ஏற்கெனவே உதவுகிற "கோக்குவா" யார்? அவரோடு சேர்ந்து வேலை செய்கிறோமா?
3. நாம் திரும்பிய பிறகு அந்த வேலையை யார் தொடர்வார்கள்?

சொற்பொருள்

செங்குத்தான – நேராக மேலே நிற்கும்
பூர்வகுடி மக்கள் – ஒரு நாட்டில் முதலிலிருந்தே வாழ்பவர்கள்
ஆயர் – கத்தோலிக்கத் திருச்சபையில் பல பங்குகளுக்குத் தலைவர்
மறையுரை – வழிபாட்டில் குருவானவர் ஆற்றும் உரை
நச்சரித்தல் – விடாமல் கேட்டுக்கொண்டே இருத்தல்

இலக்கணம்: பேச்சும் எழுத்தும்

பேச்சில்: நாம போவோம். எழுத்தில்: நாம் போவோம்.
பேச்சில்: நாங்க போறோம். எழுத்தில்: நாங்கள் போகிறோம்.

யாழ்ப்பாணத்துப் பேச்சில் இரண்டு இடத்திலும் "நாங்கள்" என்று சொல்வதுண்டு. உங்கள் வீட்டில் அப்படிப் பேசினால் அது பிழை இல்லை. எழுதும்போது மட்டும் வேறுபாட்டைக் கவனியுங்கள். "நாங்கள்" கெட்ட சொல்லும் இல்லை. "நாங்கள் வந்துவிட்டோம், கதவைத் திறங்கள்" என்று சொல்ல அதுதான் வேண்டும்.

பயிற்சி 1: "நாம்" அல்லது "நாங்கள்" எழுதுங்கள்

1. "அம்மா, நீங்கள் ஓய்வெடுங்கள். ______ பூங்காவுக்குப் போய்விட்டு வருகிறோம்."
2. "தாத்தா, இன்றைக்கு ______ எல்லாரும் ஒன்றாகச் சாப்பிடலாமா?"
3. சகோதரிகள் ஊர் மக்களிடம்: "______ அமெரிக்காவிலிருந்து வந்திருக்கிறோம்."
4. தமியான் ஊர் மக்களிடம்: "வாருங்கள், ______ சேர்ந்து குழாய் பதிப்போம்."

பயிற்சி 2: விடை எழுதுங்கள்

1. கலாவுபாப்பாவிலிருந்து வெளியே வருவது ஏன் கடினம்?
2. "கோக்குவா" என்பவர்கள் யார்?
3. நோய் வருவதற்கு முன்பே தமியான் "நாம்" என்று பேசினார். இதைக் கேட்ட மக்கள் என்ன நினைத்திருப்பார்கள்?
4. தமியான், மரியான் கோப் இருவருக்கும் உள்ள ஒரு ஒற்றுமையும் ஒரு வேற்றுமையும் எழுதுங்கள்.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்புக்குப் புதிதாக ஒரு மாணவர் வந்திருக்கிறார். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். அவரிடம் பேச "நாம்" என்று தொடங்கும் மூன்று வாக்கியங்கள் எழுதுங்கள். பிறகு வாயாலும் சொல்லிப் பாருங்கள்.