குவியலுக்குள் இருக்கும் ஈரம்



சென்ற ரமளானுக்கு முன்பு நம் அறக்கட்டளையின் மாதாந்திர உதவித்தொகைப் பட்டியலைக் கணினியில் ஏற்றினோம். அதுவரை மூன்று நீள நோட்டுகளில் இருந்த பெயர்கள் அவை. சென்னையில் மென்பொருள் துறையில் வேலை பார்க்கும் நம் மஹல்லாத் தம்பி ஒருவர், கூலி எதுவும் வாங்காமல் அதற்கான மென்பொருளை எழுதித் தந்தார். மாதம் பிறந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், பட்டியல் வந்துவிடும். நோட்டைப் புரட்டிப் புரட்டிக் கண் பூத்துப்போயிருந்த நமக்கு அது பெரிய நிம்மதி. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லி நோட்டுகளை அலமாரியில் வைத்துப் பூட்டினோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு விதவைத் தாய்க்குப் பணமே போகவில்லை என்று தெரியவந்தது. அவராக வந்து கேட்கவில்லை. நம்மைவிடத் தேவையுள்ள யாருக்கோ மாற்றிக் கொடுத்துவிட்டார்கள் என்று எண்ணிப் பேசாமல் இருந்துவிட்டார். அவருடைய பக்கத்து வீட்டுப் பெண்மணி வேறு வேலையாக அலுவலகம் வந்தபோது பேச்சுவாக்கில் சொன்னதால்தான் நமக்கே தெரிந்தது. தேடிப் பார்த்தால், அவர் பெயரும் அடுத்த தெருச் சகோதரி ஒருவரின் பெயரும் ஒன்று. மவுத்தாகிப்போன கணவர்களின் பெயரும் ஒன்று. நம் ஊரில் இதில் அதிசயம் எதுவுமில்லை. மென்பொருளோ, ஒரே ஆளை இரண்டு முறை எழுதிவிட்டார்கள் என்று கொண்டு ஒரு பெயரை நீக்கிவிட்டது.

தம்பிக்குப் போன் செய்தோம். அந்த வாரமே இரவு பஸ் பிடித்து வந்தார். நம்மையும் அழைத்துக்கொண்டு நேராக அந்தத் தாயின் வீட்டுக்குப் போனார். இரண்டு மாதத் தொகையையும் ஒன்றாகக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டார். "பெயரை மட்டும் வைத்து ஆளை முடிவு செய்தது என் தவறு மாமா. ஒருவருடைய ஹக்கை நீக்குகிற இடத்தில் கணினி தானாக முடிவெடுக்கவே கூடாது, மனிதரைக் கேட்க வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதாமல் விட்டேன்" என்றார். நம் பங்குத் தவறும் இருந்தது. பழைய நோட்டோடு ஒருமுறைகூட ஒப்பிட்டுப் பார்க்காமல் அலமாரியைப் பூட்டியது நாம்தான்.

அன்று இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். தம் தொழிலைப் பற்றி அன்றாடம் அவர் நினைப்பதையெல்லாம் சொன்னார். நம் உதவியில் கணினித் துறை படிக்கும் பிள்ளைகளுக்கு அது பாடமாகும் என்று தோன்றியதால் இங்கே எழுதுகிறோம்.

பிள்ளைகள் அவரிடம் முதலில் கேட்பது, ஜாவா படிக்கவா, பைத்தான் படிக்கவா என்பதுதானாம். எதையாவது ஒன்றை ஒழுங்காகப் படியுங்கள் என்பதோடு அதை முடித்துவிடுகிறார். படிப்படியாக யோசிக்கத் தெரிவதுதான் நிரல் எழுதுவதில் கடினமானது என்கிறார். அவர் இதைச் சொன்னதும் மதரஸாவில் படித்த பராயிள் கணக்குகள் நமக்கு நினைவுக்கு வந்தன. ஒருவர் மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் ஆகியோரை விட்டு இறந்துபோகிறார். எடுத்தவுடன் சொத்தைப் பிரிக்க முடியாது. முதலில் கஃபன் அடக்கச் செலவு, அடுத்து கடன், அடுத்து மூன்றில் ஒரு பங்குக்கு மிகாத வஸிய்யத். மீதி உள்ளதில்தான் பங்கு. பிள்ளைகள் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லையென்றால் நான்கில் ஒன்று. பிள்ளைகள் இருப்பதால் தாய்க்கு ஆறில் ஒன்று. எஞ்சியது மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில். மொத்தத்தை 72 பங்காக வைத்தால் மனைவிக்கு 9, தாய்க்கு 12, மகனுக்கு 34, மகளுக்கு 17. கடனைத் தீர்க்கும் படியைப் பின்னால் தள்ளினால் எண்கள் அழகாகவே வரும், விடை ஹராமாகிவிடும்.

தம்பி இதைக் கேட்டு மகிழ்ந்துபோனார். "நாங்கள் எழுதுவதும் இதேதான்" என்றார். அதில் ஆச்சரியமில்லை. கலீஃபா மஃமூன் காலத்தில் பக்தாதில் வாழ்ந்த முஹம்மது இப்னு மூஸா அல்-குவாரிஸ்மி எழுதிய அல்-ஜப்ர் நூலில் பெரும்பகுதி வஸிய்யத், வாரிசுப் பங்கீட்டுக் கணக்குகளே. அல்ஜீப்ரா என்ற சொல் அந்த நூலின் பெயரிலிருந்து வந்தது. அவர் பெயர் லத்தீனில் திரிந்து அல்காரிதம் ஆனது. நாமோ அந்தப் பெயரை மேடையில் சொல்லிக் கைதட்டல் வாங்குவதோடு நிறுத்திக்கொள்கிறோம். பங்கு கிடைக்காமல் போகும் மகளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பதற்குத்தான் ஆள் குறைவு.

அடுத்து, பிறர் எழுதிய நிரலை எடுத்துப் பயன்படுத்துவது. இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கேட்டால் நிமிடத்தில் நிரல் கிடைத்துவிடுகிறது. தம்பியும் பயன்படுத்துகிறார், மறைக்கவில்லை. தம்மால் விளக்க முடியாத ஒரு வரியைக்கூடத் தம் பெயரில் ஒப்படைப்பதில்லை என்பது அவர் தமக்கு வைத்துக்கொண்ட சட்டம். கேள்வி கேட்டவரின் சூழ்நிலை தெரியாமல் கிதாபிலிருந்து ஒரு தீர்ப்பை எடுத்து வாசிப்பவரை நம் உஸ்தாதுமார்கள் எப்படிக் கண்டிப்பார்கள் என்பது ஓதியவர்களுக்குத் தெரியும். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் அரியான் 5 ராக்கெட் புறப்பட்டு ஒரு நிமிடம்கூட ஆகுமுன் வெடித்துச் சிதறியது. பழைய அரியான் 4இல் பழுதில்லாமல் ஓடிய நிரலின் ஒரு பகுதியைப் புதியதில் அப்படியே வைத்திருந்தார்கள். புதிய ராக்கெட்டின் வேகம் அதிகம். 32,767 வரைதான் கொள்ளும் இடத்தில் அதைவிடப் பெரிய எண் வந்து விழுந்தது. படிக்குள் மரக்காலைக் கொட்டிய கதைதான். இதில் வேதனை என்னவென்றால், புறப்பட்ட பிறகு அந்தப் பகுதி புதிய ராக்கெட்டுக்குத் தேவையே இல்லை.

வேலை எப்போது முடியும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள் என்றோம். மனத்தில் தோன்றுவதைப் போல் இரண்டு மடங்கு நாள் சொல்வாராம். "நம்மவர்கள் சிலர் இன்ஷா அல்லாஹ் என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள் மாமா. செய்யப்போவதில்லை என்பதை மரியாதையாகச் சொல்வது போல அது ஆகிவிட்டது" என்றார். சிரித்தோம். நாம் அந்தச் சொல்லை அப்படிப் பயன்படுத்திய நாட்கள் நினைவுக்கு வந்து சற்று வெட்கமாகவும் இருந்தது. வட்டி நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதுவது கூடுமா என்ற பேச்சும் வந்தது. அது உலமாக்கள் எழுத வேண்டிய தனிக் கட்டுரை.

அவர் சொன்னதில் நம்மை அதிகம் யோசிக்க வைத்தது இதுதான். இந்தத் தொழிலில் உள்ளே இருப்பதை வாங்குபவரால் பார்க்க முடியாது. சட்டையில் தையல் கோணலாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும், சுவரில் விரிசல் இருந்தால் தெரியும். நிரலில் எந்த இடத்தைச் சோதிக்காமல் விட்டோம் என்பது எழுதியவருக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டுமே தெரியும். நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்த செய்தியை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, முஸ்லிம் நூலில் படித்திருக்கிறோம். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்தது என்றார் வியாபாரி. அந்த ஈரத்தை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக்கூடாதா என்று நபியவர்கள் கேட்டார்கள், ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று எச்சரித்தார்கள். மழை பெய்தது அந்த வியாபாரியின் குற்றமில்லை என்பதைக் கவனியுங்கள். நனைந்ததை அடியில் வைத்ததே குற்றம்.

நிரலில் பிழை வருவதும் மழை போலத்தான். எவ்வளவு கெட்டிக்காரர் எழுதினாலும் வரும். 1985 முதல் 1987 வரை கனடாவில் தயாரான தெராக்-25 என்ற கதிர்வீச்சு சிகிச்சை எந்திரம், மென்பொருள் பிழையால் ஆறு நோயாளிகளுக்கு அளவு கடந்த கதிர்வீச்சைச் செலுத்தியது. மூன்று பேராவது அதனால் இறந்தார்கள். முதலில் புகார் வந்தபோது, எங்கள் எந்திரம் அப்படிச் செய்ய வழியே இல்லை என்றுதான் தயாரித்தவர்கள் சொன்னார்கள். அப்போதே திறந்து பார்த்திருந்தால் பின்னால் வந்த உயிர்கள் தப்பியிருக்கலாம். ஃபோக்ஸ்வாகன் கார்களின் கதை இன்னொரு வகை. புகைப் பரிசோதனை நடக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்போது மட்டும் குறைவாகப் புகை விடும்படி மென்பொருளையே எழுதி வைத்திருந்தார்கள். 2015இல் அது வெளியானபோது உலகெங்கும் சுமார் 1 கோடியே 10 லட்சம் வண்டிகளில் அந்த மென்பொருள் இருந்தது. அமெரிக்க நீதிமன்றம் 2017இல் ஒரு பொறியாளருக்கு 40 மாதச் சிறைத் தண்டனை விதித்தது. நானாக முடிவெடுக்கவில்லை, மேலே சொன்னதைச் செய்தேன் என்பது அவரைக் காப்பாற்றவில்லை.

அதே வாரத்தில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். நம் உதவித்தொகையில் பட்டம் முடித்த மாணவர் ஒருவர் வந்து, அறக்கட்டளையில் இரண்டு ஆண்டு கணினி வேலை பார்த்ததாக லெட்டர்பேடில் ஒரு கடிதம் வேண்டும் என்றார். எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள், வெளியே பணம் வாங்கிக்கொண்டு தருகிறார்கள், நீங்கள் சும்மா தரலாமே என்றார். வாப்பா இல்லாத வீடு, மூத்த பிள்ளை, தங்கைக்கு நிக்காஹ் பேசியிருக்கிறது. நாம் மறுத்துவிட்டோம். அவர் ஸலாம் சொல்லாமல் எழுந்து போனார். சரியாகத்தான் செய்தோம் என்று தெரிந்தும் இரவு தூக்கம் வரவில்லை.

தம்பியிடம் இதைச் சொன்னோம். "பொய்க் கடிதம் சில வருடம் கழித்துப் பிடிபட்டாலும் வேலை போகும். பிடிபடாவிட்டால் அதைவிட மோசம். இரண்டு வருட அனுபவம் உள்ளவருக்கான வேலையை முதல் நாளே கையில் கொடுப்பார்கள். தெரியாது என்று சொல்ல வாய் வராது. மறைத்துப் பழகிவிட்டால் பிழையையும் மறைப்பார்" என்றார். சற்று யோசித்துவிட்டு, "அவர் எண்ணைக் கொடுங்கள். உண்மையாகவே வேலை செய்யட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன். எத்தனை மாதம் செய்தாரோ அத்தனை மாதத்துக்குக் கடிதம் கொடுங்கள்" என்றார்.

அந்த மாணவர் இப்போது வாரம் மூன்று நாள் அஸருக்குப் பிறகு அலுவலகத்துக்கு வருகிறார். அவர் முதலில் எழுதியது, இரண்டு பெயர்கள் ஒத்திருந்தால் எதையும் நீக்காமல் சிவப்பில் காட்டி நம்மைக் கேட்கும் பகுதி. இம்மாதப் பட்டியலில் ஏழு இடங்களில் சிவப்பு வந்தது. அலமாரியைத் திறந்து, நோட்டுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஆறு இடங்களில் வெவ்வேறு ஆட்கள். ஓரிடத்தில் மட்டும் ஒரே ஆளை, கணவர் பெயரை இரண்டு விதமாக எழுதி, இரண்டு முறை சேர்த்திருந்தோம். அது நோட்டிலேயே இருந்தது, நம் கையெழுத்தில்.