வாழுங் காட்சிச்சாலையிற் சிறுவர்

பொருட்காட்சிச்சாலை என்றவுடன் கண்ணாடிப் பேழைகளும், தொடாதே என்னும் பலகையும் நம் நினைவிற்கு வரும். பெற்றோருடன் அங்குச் செல்லுஞ் சிறுவர் அரை நாழிகைக்குள் வாயிலை நோக்கத் தொடங்குவர். இக்குறை நீங்க மேனாட்டார் கண்ட முறை ஒன்றுண்டு. பழங்காலத்து ஊரையே மீட்டமைத்து, அக்கால உடை உடுத்தாரை அதில் உலவவிட்டு, அக்காலத் தொழில்களைச் செய்வித்து, வருவோரை அவர்களோடு உரையாட விடுதலே அது. சுவீடன் தலைநகராகிய ஸ்டாக்ஹோமில் 1891-ஆம் ஆண்டு ஆர்த்தூர் ஹசேலியுஸ் என்பார் திறந்த ஸ்கான்சென் இவ்வகைக்கு முன்னோடி. யாம் ஈண்டு ஆராயப் புகுவது, அமெரிக்காவில் வர்ஜீனியாவிலுள்ள வில்லியம்ஸ்பர்க்கை.

1699 முதல் 1780 வரை வர்ஜீனியாவின் தலைநகராயிருந்த அவ்வூர், அப்பெருமை நீங்கியபின் பொலிவிழந்தது. அங்குள்ள புரூட்டன் திருச்சபையின் குருவாகிய குட்வின் என்பார், பழைய வீடுகள் அழிதல் கண்டு வருந்தி, பெருஞ்செல்வராகிய இளைய ராக்பெல்லரை 1926-இல் உதவ இணங்குவித்தார். இன்று 301 ஏக்கர்ப் பரப்பில் எண்பதிற்கு மேற்பட்ட பழைய கட்டடங்கள் பேணப்பட்டுள்ளன. வேறு பல, பழைய அடிப்படைகளின்மேற் புதிதாய் எழுந்தவை. 1781-இல் எரிந்துபோன ஆளுநர் மாளிகையும் அங்ஙனம் எழுந்ததே.

ஒரு குடும்பத்தார் அங்குச் செல்வதாகக் கொள்வோம். தந்தையார் சட்டமன்றத்தையும் தாயார் பூந்தோட்டத்தையும் காண விழைவர். சிறுவனோ கொல்லன் உலையருகே நின்றுவிடுவான். துருத்தி ஊத ஊத இரும்பு செக்கச் சிவத்தலை அவன் எந்நூலிற் காணப்போகிறான்? ஆயினும் அவனுள்ளத்தை முற்றிலுங் கவர்வது செங்கல்லறுக்குங் களமே. வேனிற்காலத்தில் அங்கே களிமண்ணும் நீருங் கலந்த குழியில் வெறுங்காலோடிறங்கி மிதிக்கலாம். சேற்றில் இறங்காதே என்று நாடோறுங் கடியும் அன்னையே இறங்கு என்பாளாயின், அவன் மகிழ்ச்சிக்கு எல்லையேது! மிதித்த மண் அச்சிலிடப்பட்டு, உலர்ந்து, இலையுதிர்காலத்தில் விறகுத் தீயிற் சுடப்படும். அவ்வூர்க் கட்டடங்களுக்கே அக்கற்கள் பயன்படுகின்றன.

இனி ஒரு வினா எழுகின்றது. அக்காலத்தில் அம்மண்ணை மிதித்த சிறுவர் யாவர்? பதினெட்டாம் நூற்றாண்டு வர்ஜீனியாவில் இத்தொழிலுக்குப் பெரிதும் அடிமைகளே பயன்பட்டனர். அவர்தம் மக்களும் அதற்கு விலக்கல்லர். அவ்வூராருள் ஏறத்தாழப் பாதியர் ஆப்பிரிக்க வழியினர். அவருட் பெரும்பாலார் அடிமைகள். அங்ஙனமாகவும், நெடுங்காலம் அக்காட்சிச்சாலை கனவான்களையும் சீமாட்டியரையுமே சிறப்பித்துக் காட்டிற்று. 1979-இலேதான் கறுப்பினத்தார் தம் முன்னோராய் நின்று பேசி நடிக்கத் தொடங்கினர். 1994 அக்டோபர் 10-ஆம் நாள் அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டியபோது, முன்னோர் துயரை வேடிக்கையாக்குவதோ என்று கறுப்பினத் தலைவர் சிலர் எதிர்த்தனர். அவரது அச்சம் பொருளற்றதன்று. எனினும், மறைத்தலினுங் காட்டலே தக்கதென்பது எம் துணிபு. மண் மிதித்த களிப்பொன்றையே கொண்டு வீடு திரும்புஞ் சிறுவன் பாதிதான் கற்றவனாவான்.

மிஷன் கல்லூரி மாணவராகிய நாம் சிறப்பாகக் கருத்தூன்றற்குரியது அங்குள்ள பிரே பள்ளி. இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த அறச்சங்கத்தார் ஒருவர் கூட்டம் 1760 முதல் 1774 வரை, அடிமைச் சிறுவர்க்கும் உரிமையுடைய கறுப்பினச் சிறுவர் சிலர்க்குமாக அதனை நடத்திற்று. ஆன் வேகர் என்னும் அம்மையாரே அதன் ஆசிரியை. வாசிப்பும், ஞானோபதேச வினாவிடையும், பெண்மக்களுக்குத் தையலும் கற்பிக்கப்பட்டன. அடிமைநிலையைக் கடவுள் வகுத்ததாக ஏற்கச் செய்தலும் அக்கல்வியின் நோக்கங்களுள் ஒன்று. கூறக் கூசினும் இது கூறவேண்டுவதே. அப்பள்ளி நடந்த மரவீடு இன்னதென்பதை, உத்திரங்களின் ஆண்டு வளையங்களை ஆராய்ந்து 2020-இல் துணிந்தனர். 2023-இல் அவ்வீடு காட்சிச்சாலையின் எல்லைக்குள் முழுமையாகப் பெயர்த்து வைக்கப்பட்டது.

பெற்றோர் தம் மகனை நிறுத்திவைத்துப் பேசவேண்டிய இடம் அவ்வீட்டின் வாயிலே என்போம். அங்குப் பயின்றாருள் ஐசக் பீ என்பான் ஒருவன். வளர்ந்தபின், 1774-இல், அவன் ஆண்டையிடமிருந்து தப்பியோடினான். அவனைப் பிடித்துத் தருமாறு செய்தித்தாளில் விளம்பரஞ் செய்த ஆண்டை, இவனுக்கு வாசிக்கத் தெரியும் என்பதனையும் அதிற் குறிக்க மறந்தானில்லை.