இடையில் நிற்கும் ஓர் ஒலி

மலையேற்றம், பனிச்சறுக்கு, காட்டில் கூடாரமிட்டுத் தங்குதல் ஆகிய அனைத்தையும் நார்வே மக்கள் 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லீவ்' என்னும் ஒரே சொல்லில் அடக்குவர். 'ஃப்ரி' என்றால் கட்டற்ற. 'லுஃப்ட்' என்றால் காற்று. 'லீவ்' என்றால் வாழ்வு. நார்வேயின் தனி அடையாளமாகப் போற்றப்படும் இச்சொல்லில் 'லீவ்' மட்டுமே பழைய நார்ஸ் மொழியின் நேர்வழியில் வந்தது. மற்ற இரண்டும் இடைக்காலத்தில் வடஜெர்மானிய வணிகரின் மொழியிலிருந்து வந்து கலந்தவை.

இம்மூன்று சொற்களிலும் சேராத 'ஸ்' என்னும் ஒலி இடையில் நிற்கிறது. 'புளியங்காய்' என்பதில் வரும் 'அம்' சாரியையைப் போல, இதற்கும் தனிப்பொருள் இல்லை. பழைய ஆறாம் வேற்றுமை உருபின் எச்சமே இது. ஆயினும் இதற்கு ஒரு பணி உண்டு. 'நத்' (இரவு), 'தோக்' (தொடர்வண்டி) இரண்டும் சேர்ந்து 'நத்தோக்' ஆகும்போது 'ஸ்' வருவதில்லை. நள்ளிரவுச் சூரியனைக் குறிக்கும் 'மிட்நத்ஸ்சூல்' என்பதிலோ வருகிறது. அங்கு முன்னிற்கும் 'மிட்நத்' (நள்ளிரவு) தானே ஒரு தொகைச்சொல். முற்பகுதி தொகையாயின் பெரும்பாலும் 'ஸ்' தோன்றி, சொல்லைப் பிரிக்க வேண்டிய இடத்தைக் காட்டும். எனவே நம் சொல்லை 'ஃப்ரி + லுஃப்ட்ஸ்லீவ்' எனப் பிரித்தல் பிழை. 'ஃப்ரிலுஃப்ட் + ஸ் + லீவ்' என்பதே முறை. 'கட்டற்ற' என்னும் அடை வாழ்வுக்கு உரியதன்று, காற்றுக்கே உரியது.

தொகைச்சொல்லை இடம்விட்டு எழுதுவதை நார்வே ஆசிரியர்கள் கடுமையாகத் திருத்துவர். 'லம்மெலோர்' ஆட்டுக்குட்டியின் தொடைக்கறி. அதையே 'லம்மெ லோர்' எனப் பிரித்தெழுதினால் 'முடங்கிய தொடைகள்' ஆகிவிடும்!

'ஃப்ரிலுஃப்ட்ஸ்லீவ்' என்னும் சொல்லை இலக்கியத்தில் நிலைநிறுத்தியவர் ஹென்ரிக் இப்சன். 1859இல் அவர் எழுதிய 'மலைமேட்டில்' என்னும் நெடுங்கவிதையில் அது இடம்பெறுகிறது. அதன் நாயகன் தாயையும் காதலியையும் விட்டு மலையேறுகிறான். தாயின் குடிசை எரிவதையும் மேலிருந்தே பார்க்கிறான். இன்று விடுமுறை மகிழ்ச்சியைக் குறிக்கும் சொல், அங்கு ஒருவன் தனிமையில் தன் எண்ணங்களுக்குத் தேடிய வெளியைக் குறித்தது.

1957இல் இச்சொல் சட்டத்திலும் ஏறியது. பயிரிடப்படாத காடும் மலையும் யாருக்கு உடைமையாயினும், எவரும் கவனத்துடன் அங்கே நடந்து செல்லலாம் என்றது அச்சட்டம். மக்கள் அதனைச் சுருக்கமாக 'ஃப்ரிலுஃப்ட்ஸ்லோவ்' என்பர். 'லோவ்' என்றால் சட்டம். 'லீவ்' போய் 'லோவ்' வந்தபோதும், 'ஸ்' தன் இடத்திலேயே நிற்கிறது.